கம்பியில்லா வலையமைப்பில் சேவை மறுப்பு

பெங்களூரு விவேக் நகர் வீடுகள் நெருங்கிய பகுதி. குழந்தை இயேசு திருத்தலத்திற்கு வியாழன்தோறும் பெருங்கூட்டமும் வருகிறது. அங்குத் தெருவில் நின்று கைப்பேசியின் வை-ஃபை பட்டியலைத் திறந்தால், அக்கம்பக்கத்து வலையமைப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் எதனோடும் கைப்பேசி இணையவில்லை, கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. அப்பெயர்கள் எவ்வாறு வந்தன?

ஒவ்வொரு வை-ஃபை ரூட்டரும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை, தன் பெயரையும் தன்மைகளையும் கூறும் ‘பீக்கன்’ என்ற அறிவிப்பை வானொலி அலையில் பரப்புகிறது. சுற்றிலுமுள்ள கருவிகள் அதனைப் பெற்றுப் படிக்கின்றன. படிக்கும் பணி, வை-ஃபை சிப்பை இயக்கும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளையும் அதனைச் சார்ந்த நிரல்களையும் சேர்ந்தது. அனுப்பியவர் யாரென அறியுமுன்பே படித்தாக வேண்டும்; இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. கடவுச்சொல் எவ்வளவு வலுவாயினும் இக்கட்டத்தில் அது பயன்படுவதில்லை.

இத்தகைய செய்தியின் பகுதிகளில், உள்ளடக்கத்தின் நீளம் முன்னதாகவே ஓர் எண்ணாகக் குறிக்கப்பெறும். அந்த எண்ணைச் சரிபாராமல் நம்பும் டிரைவர், ஒதுக்கிய இடத்திற்கு அப்பாலும் நினைவகத்தில் எழுதிவிடும். சீட்டில் பத்துப் படி என்றிருப்பதால், ஐந்து படி கொள்ளும் பாத்திரத்தில் பத்துப் படி அரிசியையும் கொட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். 2019 அக்டோபரில் ரியல்டெக் சிப்களுக்கான லினக்ஸ் டிரைவரில் வெளிப்பட்ட குறை இவ்வகையினது. கருவிகள் நேரடியாக இணையும் ‘வை-ஃபை டைரக்ட்’ முறைக்குரிய ஒரு தகவலின் நீளம் அதில் சரிபார்க்கப்படவில்லை. பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்த குறை அது!

2022 அக்டோபரில், பல டிரைவர்களுக்குப் பொதுவான லினக்ஸ் கம்பியில்லா நிரலடுக்கில் ஐந்து குறைகள் வெளியிடப்பெற்றன. கண்டறிந்தவர் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர். அவற்றுள் ஒன்று, வலையமைப்புப் பட்டியலைச் சிதைத்து, நிரலை முடிவின்றி அதனைச் சுற்றிவரச் செய்யவல்லது. கருவி உறைந்து நின்றுவிடும். தகவல் திருட்டு நிகழாமலேயே சேவை மறுக்கப்படுகிறது.

டிரைவரில் பிழையே இல்லாவிடினும் சேவையைத் தடுக்க இயலும். இணைப்பைத் துண்டிக்கும் கட்டளை பழைய வை-ஃபை முறையில் கையொப்பமின்றியே ஏற்கப்பட்டது; எவரும் ரூட்டரின் பெயரால் அதனை அனுப்பலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2003-இல் இதனை விளக்கிக் காட்டினர். பாதுகாப்புக்கான தரவரையறை 2009-இல் வந்தது. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ-3 அதனைக் கட்டாயமாக்கிற்று.

தாக்குபவர் அலை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் நெருக்கமான குடியிருப்புகளில் அந்தத் தொலைவுக்குள் பல வீடுகளும் கடைகளும் அடங்கிவிடுகின்றன.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம்.-வாணி திட்டத்தின்படி சிறு கடைகளும் பொது வை-ஃபை வழங்கலாம். அங்கு வைக்கப்பெறும் மலிவான ரூட்டருக்குத் திருத்தப்பட்ட மென்பொருளை எத்தனை ஆண்டுகள் வழங்குவார்கள்? விலைப்புள்ளி கோரும் அலுவலர்கள் விலைக்கு முன் கேட்க வேண்டிய வினா இது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையுள்ளவருக்குக் கணினி வசதியை மறுக்கச் செய்வதையும் குறிப்பிடுகிறது. தீய நோக்குடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ ரூ. 5 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சேவை மறுப்புத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரல் ஆணை கூறுகிறது.