ஓட்டமும் நிறுத்தமும்

சென்னையில் உற்பத்தியான புல்லட்டின் வழிவந்த 346 சி.சி. வண்டியொன்று என் தந்தையாரிடம் உண்டு. கள்ளக்குறிச்சியில் அதன் ஓசை கேட்டே எங்கள் தெரு அவர் வருகையை அறியும்.

கோடை விடுமுறையில் அதைப் புதுப்பிக்க முனைந்தேன். முதலில் 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக மாற்றினேன். அதே திறனுக்கு மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் இழப்பு கால் பங்காகும். முகப்பு விளக்கு பளிச்சிட்டது. அடுத்து வேகத்தைக் கூட்ட மனம் துடித்தது, பணமும் சேர்த்தேன்.

அதற்குள் ஒருநாள் கல்வராயன் மலைக்குச் சென்றேன். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கி இறங்குகையில், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தும் வண்டி அடங்கவில்லை! ஓரத்து மண்மேட்டில் ஏற்றி, முழங்கால் சிராய்ப்போடு தப்பினேன்.

வகுப்பில் படித்த இயற்பியல்தான் இது. பிரேக், வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. ஓயாமல் உராய்ந்தால் டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் தளரும். வேகம் இருமடங்கானாலோ இயக்க ஆற்றல் நான்கு மடங்கு!

“ஏறிய கியரிலேயே இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்” என்றார் தந்தையார். வேகத்துக்கென வைத்திருந்த பணம் புதிய பிரேக் ஷூவுக்கும் டயருக்கும் போயிற்று.

நண்பர்களே! பழைய வண்டிக்குப் புத்துயிர் ஊட்டுவோர் முதலில் நிற்கும் ஆற்றலைக் கூட்டுங்கள். ஓடும் ஆற்றல் பிறகு வரட்டும்.