திரையில் தெரிவது மீனா, பாறையா?
கடலடியைக் காட்டும் கருவியைப் படிப்பது எப்படி?

கடலில் போகும் படகுக்காரருக்கு மேலே வானம் தெரியும். சுற்றிலும் தண்ணீர் தெரியும். கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

மீன் இருக்கிறதா? பாறை இருக்கிறதா? ஆழம் எவ்வளவு?

அந்தக் காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். தண்ணீரின் நிறத்தையும், பறவைகள் வட்டமிடும் இடத்தையும் பார்த்து மீன் இருக்கும் இடத்தை ஊகித்தார்கள்.

இன்று அந்த வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. அதற்குப் பெயர் "பிஷ் பைண்டர்". அதாவது, மீன் காட்டும் கருவி. தமிழ்நாட்டு விசைப்படகுகளிலும் இது உண்டு. "எக்கோ சவுண்டர்" என்றும் சொல்லுவார்கள்.

பணம் இருந்தால் கருவியை வாங்கிவிடலாம். படகில் பொருத்திவிடலாம். ஆனால் அதன் திரையில் தெரிவதைப் படிக்கத் தெரிய வேண்டுமே!

படிக்கத் தெரியாவிட்டால் மீன் இல்லாத இடத்தில் வலை விழும். டீசல் வீணாகும். பாறையில் மாட்டி வலை கிழிந்தால், வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் திரையைப் படிப்பதில் இருக்கிறது.

குமிழி சொன்ன சேதி

ஜப்பான் நாட்டில், நாகசாகி மாநிலத்தில், குச்சினோட்சு என்று ஒரு துறைமுக ஊர் உண்டு. அங்கே கியோதகா பூருனோ என்பவர் 1938-ம் ஆண்டில் ஒரு ரேடியோ கடை தொடங்கினார். மீன்பிடி படகுகளுக்கு மின்சார வேலையும் செய்து கொடுத்தார்.

"கடலில் குமிழி வரும் இடத்தில் மீன் இருக்கும்" என்று மீனவர் ஒருவர் அவரிடம் சொன்னாராம். அது அவர் மனதில் பதிந்தது. குமிழியை ஒலியால் கண்டுபிடிக்க முடியும். அப்படியானால் மீனையும் கண்டுபிடிக்கலாமே!

அவரும் அவருடைய தம்பி கியோகதாவும் முயற்சியில் இறங்கினார்கள். கப்பல்களில் ஆழம் பார்க்க ஏற்கனவே எதிரொலிக் கருவி இருந்தது. அதை மீன் தேடுவதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். 1948-ம் ஆண்டில் அவர்கள் செய்த கருவி விற்பனைக்கு வந்தது.

இதற்கு முன்பே, 1935-ல், ஆஸ்கார் சுண்ட் என்ற நார்வே நாட்டு விஞ்ஞானி, காட் மீன் கூட்டத்தின் எதிரொலி காகிதத்தில் பதிவானதை உலகுக்குக் காட்டியிருந்தார். ஆராய்ச்சிக் கப்பலில் இருந்த அந்த வித்தையைச் சாதாரண மீனவரின் படகுக்குக் கொண்டு வந்தவர்கள் பூருனோ சகோதரர்கள்.

கூப்பிட்டால் பதில் வரும்

கிணற்றுக்குள் குனிந்து குரல் கொடுத்தால் அந்தக் குரல் திரும்பி வருகிறது அல்லவா? இந்தக் கருவியும் அதைத்தான் செய்கிறது.

படகின் அடியில் ஒரு சிறு குமிழ் பொருத்தியிருப்பார்கள். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். மனிதர் காதுக்குக் கேட்காத ஒலி அது. மீன், பாறை, தரை ஆகியவற்றில் மோதி அந்த ஒலி திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதைக் கருவி கணக்கிடும்.

கடல் நீரில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆனால், அது 150 மீட்டர் பயணம் செய்திருக்கிறது. போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி. ஆகவே ஆழம் 75 மீட்டர்.

மீனின் உடம்பு பெரும்பாலும் தண்ணீரும் சதையும்தான். அதில் ஒலி அதிகமாக மோதித் திரும்பாது. ஆனால் பல மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. மீன் மிதப்பதற்கு அது உதவுகிறது. அந்தக் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பி, மீனைக் காட்டிக் கொடுக்கிறது!

சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால் உடம்பு பெரிதாக இருந்தாலும் சுறாவின் எதிரொலி மங்கலாகவே வரும்.

முதல் பாடம்: அது போட்டோ அல்ல

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். திரையில் தெரிவது கடலடியின் போட்டோ என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது போட்டோ அல்ல. அது ஒரு நாட்குறிப்பு போன்றது.

திரையின் வலது ஓரத்தில் தெரிவதுதான் இப்போது படகுக்கு அடியில் இருப்பது. அதற்கு இடப்பக்கம் இருப்பவை எல்லாம் கடந்துபோனவை. படம் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டே இருக்கும். படகு நின்றாலும் படம் நிற்காது.

திரையின் நடுவில் மீன் தெரிகிறது என்று அங்கேயே தூண்டிலைப் போட்டால் பயன் இல்லை. படகு அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டது!

வில் போல வளைவது ஏன்?

திரையில் மீன், மீன் போலத் தெரியாது. கவிழ்த்து வைத்த பிறை போல, வில் போல வளைந்து தெரியும்.

இருட்டில் டார்ச் விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்தால் வெளிச்சம் கீழே போகப் போக அகலமாகும். கருவியின் ஒலியும் அப்படித்தான் விரிகிறது.

படகு நகரும்போது மீன் முதலில் அந்த வட்டத்தின் ஓரத்தில் அகப்படும். அப்போது தூரம் சற்று அதிகம். ஆகவே கோடு கீழே தொடங்கும். படகு நேர் மேலே வரும்போது தூரம் குறைவு. கோடு மேலே ஏறும். படகு தாண்டிப் போகும்போது தூரம் மறுபடி கூடும். கோடு கீழே இறங்கும். மூன்றும் சேர்ந்தால் வில்!

நிற்கும் படகின் கீழே ஒரு மீன் அசையாமல் நின்றால், வில் வராது. நீண்ட கோடுதான் வரும். "எவ்வளவு நீளமான மீன்!" என்று வாயைப் பிளக்கக் கூடாது. கோட்டின் நீளம் மீனின் நீளம் அல்ல. அந்த மீன் எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்பதைத்தான் அது காட்டுகிறது.

சிறு மீன்கள் கூட்டமாக இருந்தால் மேகம் போலவோ உருண்டை போலவோ தெரியும். அந்த மேகத்துக்குக் கீழே தனித்தனி வளைவுகள் தெரிந்தால், சிறு மீனைத் தின்ன வந்த பெரிய மீன்களாக இருக்கலாம்.

தரையின் குணம்

வண்ணத் திரையில் நிறமும் பேசும். பெரும்பாலான கருவிகளில் பலமான எதிரொலி சிவப்பாகவும், பலவீனமானது நீலமாகவும் தெரியும்.

கடலின் அடித்தரை எப்போதும் பலமான பட்டையாகத் தெரியும். பாறைத் தரையானால் அந்தப் பட்டை தடித்து, அதன் கீழே வால் நீண்டிருக்கும். சில சமயம் இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு தரையும் தெரியும். ஒலி தரையில் மோதி, கடல் மட்டத்துக்கு வந்து, மறுபடி கீழே போய்த் திரும்புவதால் வரும் பிம்பம் அது. சேற்றுத் தரை ஒலியை விழுங்கிவிடும். ஆகவே வால் குட்டையாக இருக்கும்.

வலை கிழியாமல் காப்பாற்றுவது இந்தப் பாடம்தான்.

ஏமாற்றும் கோலங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையே ஏமாந்தது. ஆழமான கடலில், சில நூறு மீட்டர் கீழே, தரை போல ஒன்று கருவியில் தெரிந்தது. அந்தத் "தரை" இரவில் மேலே ஏறியது. பகலில் கீழே இறங்கியது! தரை எழுந்து நடக்குமா?

மார்ட்டின் ஜான்சன் என்ற விஞ்ஞானி 1945-ல் இதை ஆராய்ந்தார். அது தரை அல்ல, உயிரினங்களின் கூட்டம் என்று தெரிந்தது. சிறு மீன்கள், இறால் போன்ற உயிர்கள் முதலியவை இரவில் இரை தேடி மேலே வந்தன. பொழுது விடிந்ததும் ஆழத்துக்குப் போயின.

ஏமாற்றுபவை இன்னும் உண்டு. மற்றப் படகுகளின் விசிறி கிளப்பும் நுரை, மீன் கூட்டம் போலத் தெரியும். அலையில் படகு ஏறி இறங்கினால், சமமான தரையும் மேடு பள்ளமாகத் தெரியும். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் இடம் மெல்லிய கோடாகத் தெரியும்.

கருவியின் உணர்வைக் கூட்டிவிட்டால் திரை முழுவதும் புள்ளி மழை! குறைத்துவிட்டால் இருக்கும் மீனும் மறைந்துவிடும்.

கற்பது எப்படி?

முதலில், ஆழமும் தரையும் நன்றாகத் தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும். பாறை உள்ள இடத்தின் மேலும், சேறு உள்ள இடத்தின் மேலும் மெதுவாகப் படகைச் செலுத்தி, திரை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிறகு படகை நிறுத்தி, கருவியின் குமிழுக்கு நேர் கீழே ஓர் ஈயக்குண்டை இறக்க வேண்டும். குண்டு இறங்குவது சாய்ந்த கோடாகத் திரையில் தெரியும். பத்து மீட்டரில் நிறுத்தினால் பத்து மீட்டரில் கோடு நேராகும். அப்போது திரையின் மேல் நம்பிக்கை பிறக்கும்.

வலையை இழுத்த பிறகு, திரையில் என்ன தெரிந்தது, வலையில் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பருவம் எழுதினால் போதும். அந்த நோட்டே நல்ல வாத்தியார்.

கருவிக்குத் தெரியாதது

மீன் இருப்பதைக் கருவி சொல்லும். அது என்ன மீன் என்று நிச்சயமாகச் சொல்லாது. இந்த மாதத்தில், இந்தக் காற்றில், இந்த ஆழத்தில் எந்த மீன் வரும் என்பது கடலில் வயதான பெரியவர்களுக்குத்தான் தெரியும். மகன் திரையைப் பார்க்க, தகப்பனார் கடலைப் பார்க்க, இருவரும் பேசிக்கொண்டால் வலை ஏமாறாது.

இன்னும் ஒன்று உண்டு. ஒளிந்திருக்கும் மீனையும் காட்டும் கருவி இது. கண்ட கூட்டத்தை எல்லாம் குஞ்சு குளுவானோடு வாரிவிட்டால், பிறகு திரையில் பார்க்க ஒன்றும் இருக்காது. மீன் பெருகுவதற்காக ஆண்டுதோறும் தடைக்காலம் வைத்திருப்பது அதனால்தான்.

திரையில் சின்னப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால், வலையை இறக்காமல் படகைத் திருப்புவது நல்லது. அவை வளர்ந்து, அடுத்த பருவத்தில் பெரிய வளைவுகளாகத் திரையில் தெரியும்.