தேயும் கல்லை அளப்பது எப்படி?

தாராபுரத்தில் அம்மாயி வீட்டுப் புறக்கடையில் ஓர் ஆட்டாங்கல் இருந்தது. அது தேய்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. “உளுந்து பொங்கவே மாட்டேங்குது சாமி, கல்லு மழுங்கிப்போச்சு” என்று அம்மாயி சொன்னால்தான் வீட்டுக்கே தெரியும். கல்லின் தேய்மானத்தை அவர் மாவில் படித்தார். சிறுமூளை தேய்வதையும் மருத்துவர்கள் முதலில் அப்படித்தான் படிக்கிறார்கள்.

சிறுமூளை தேயும் எஸ்சிஏ 1 என்ற பரம்பரை நோயில் நடை தள்ளாடும், பேச்சு குழறும், நீட்டிய கை குறி தவறும். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் இந்நோய் மிக அதிகமாக இருப்பதை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது.

கல்லின் ரகம்

6ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிறது. பொதுவாக 39 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எண்ணிக்கை கூடக்கூட நோய் இளவயதிலேயே தலைகாட்டும். ஆனால் இது கல்லின் ரகத்தை மட்டுமே சொல்லும். இன்றுவரை எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லாது.

ஆட்டிப் பார்ப்பது

எவ்வளவு தேய்ந்தது என்று சொல்ல ‘சாரா’ என்ற அளவுகோல் இருக்கிறது. மொத்தம் எட்டுச் சோதனைகள், 40 புள்ளிகள். சுவரோரமாக நடந்து திரும்ப வேண்டும். பாதங்களைச் சேர்த்து நிற்க வேண்டும். மருத்துவரின் விரல் சட்டென்று நகரும் இடத்துக்கெல்லாம் நம் விரலும் போக வேண்டும். தொடைமேல் கையைப் புரட்டிப் புரட்டி 10 முறை தட்ட வேண்டும். புள்ளி ஏறினால் நோயும் ஏறியிருக்கிறது.

ஊறாத உளுந்தைப் போட்டுவிட்டுக் கல்லைக் குறை சொல்லலாமா? தூக்கம் கெட்ட இரவும் மூட்டுவலியும் புள்ளியை ஆட்டிவிடும். அதனால்தான் சோதனை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடக்க வேண்டும், வருடக்கணக்கில் தொடர வேண்டும்.

குழியும் கழுவிய தண்ணீரும்

எம்ஆர்ஐ படம் சிறுமூளை எவ்வளவு சுருங்கியது என்று காட்டும். அது குழியின் ஆழம். இத்தனை வருடத் தேய்மானத்தின் மொத்தக் கணக்கு. கல்லைக் கழுவிய தண்ணீரின் அடியில் தங்கும் பொடி வேறு சேதி சொல்லும்: இன்றைக்கு எவ்வளவு உதிர்கிறது என்று. நரம்பிழைகள் சிதையும்போது நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. அதுதான் இந்தப் பொடி.

பல வீட்டுக் கணக்கு

ஐரோப்பாவில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எஸ்சிஏ 1 உள்ளவர்களுக்குச் சாரா புள்ளி வருடத்துக்குச் சராசரியாக 2.11 கூடியது, இதே வகையைச் சேர்ந்த எஸ்சிஏ 6 என்ற நோய் உள்ளவர்களுக்கு 0.8தான். மெதுவாகத் தேயும் கல்லில் ஒரு மருந்து தேய்மானத்தைக் குறைத்ததா என்று கண்டுபிடிக்க, கூடுதல் ஆட்களும் கூடுதல் காலமும் வேண்டும்.

மழுங்கிய ஆட்டாங்கல்லைக் கொத்த ஆள் வருவார். ஒரு மணி நேரத்தில் மாவு மறுபடி பொங்கும். செத்த நரம்பணுவைக் கொத்தித் தர இன்று ஆளில்லை. நாளை யாராவது உளியோடு வந்து, தேய்மானத்தைக் குறைத்துவிட்டேன் என்று சொன்னால், சும்மா விட்டிருந்தால் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்ற இந்தக் கணக்கை வைத்துத்தான் அவரை நம்புவதா என்று முடிவு செய்ய முடியும்.