அறுவடை இயந்திரம்: யார் பெயரை எழுதுவது?

“அறுவடை இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று கேட்டால், மாணவர்களே, நீங்கள் உடனே சைரஸ் மெக்கார்மிக் என்று எழுதிவிடுவீர்கள். புதிர்ப் போட்டிக்கு அது போதும்; கட்டுரைக்குப் போதாது. மெக்கார்மிக் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது 1831-இல். ஸ்காட்லாந்தில் பேட்ரிக் பெல் 1828-லேயே தம் இயந்திரத்தை வயலில் இறக்கிவிட்டார். அவருக்கு முன்பும் பலர் முயன்றுதான் இருக்கிறார்கள்.

பெல் ஓர் உழவர் மகன்; சமயப் போதகராவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். தோட்டத்துக் கத்தரிக்கோலைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது. அப்படிப்பட்ட கத்தரிகளை வரிசையாகப் பூட்டினால் என்ன? மேலே சுழலும் மரச்சட்டங்கள் கதிரைக் கத்தரிமேல் சாய்க்கும். வெட்டுப்பட்ட தாள் நகரும் கான்வாஸ் துணியில் விழும். துணி அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குதிரைகள் வண்டியை முன்னால் இழுக்கவில்லை, பின்னாலிருந்து தள்ளின. முன்னால் நடந்தால் நிற்கிற பயிரை மிதித்துவிடுமே! இதே சிக்கலை மெக்கார்மிக் வேறு விதமாகத் தீர்த்தார்: அவருடைய குதிரை பக்கவாட்டில், ஏற்கெனவே அறுத்த நிலத்தில் நடந்தது. இந்த ஒப்பீட்டை எழுதினால் உங்கள் கட்டுரை தனித்துத் தெரியும்.

பெல்லின் முதல் சோதனை இன்னும் சுவையானது. கொட்டகைக்குள் மண்ணைப் பரப்பி, ஓட்ஸ் தாள்களை நட்டு, தாமே இயந்திரத்தைத் தள்ளிப் பார்த்தார்.

ஆனால் அவர் காப்புரிமை வாங்கவில்லை. எல்லா உழவரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். நல்ல மனசுதான், ஆனால், சரியாகச் செய்து பரவலாக விற்க ஆள் இல்லாமல் போயிற்று. அமெரிக்காவிலோ ஓபெட் ஹஸ்ஸி 1833-லும் மெக்கார்மிக் 1834-லும் காப்புரிமை பெற்றார்கள். மெக்கார்மிக் 1847-இல் சிகாகோவில் தொழிற்சாலையே தொடங்கினார். அவருடைய இயந்திரத்தை உருவாக்க உடனிருந்து உழைத்த ஜோ ஆண்டர்சன், அந்தக் குடும்பத்தின் அடிமை. காப்புரிமையில் அவர் பெயர் கிடையாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: “முதன்முதலில் கண்டுபிடித்தார்” என்று மாணவர் எழுதினால், எதில் முதல் என்று கேளுங்கள். வயலில் ஓட்டியதிலா, காப்புரிமையிலா, விற்பனையிலா? மூன்றுக்கும் விடை வேறு வேறு.

பெல்லுக்கு 1868-இல், திரட்டிய நன்கொடையிலிருந்து 1,000 பவுண்டு வழங்கப்பட்டது. மறு ஆண்டே அவர் காலமானார்.