அவசரப் பிரிவில் மூன்று இரவுகள்

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் படித்தவன் அல்ல. இருந்தும் இருதய அவசர மருந்துகளைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம், நானே செய்த ஒரு தவறுதான்.

2019-ஆம் வருடம் கும்பகோணத்திலிருந்து என் அக்கா நாக்பூருக்கு வந்திருந்தார். வயது 71. ஒருநாள் விடியற்காலையில், "நெஞ்சை என்னமோ பிசையறதுடா" என்றார். வியர்த்துக் கொட்டியது. நான் பதறிப்போய், எனக்காக வாங்கி வைத்திருந்த சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். சற்று நேரத்தில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

மருத்துவமனையில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு?" என்பதுதான். மறைக்காமல் சொன்னேன். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர் பிறகு விளக்கினார். அக்காவுக்கு அடைப்பு ஏற்பட்டது இருதயத்தின் அடிப்பகுதிக்கும் வலது பக்கத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாயில். அப்படிப்பட்டவர்களுக்கு, இருதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையவே கூடாது. சார்பிட்ரேட்டோ ரத்தக் குழாய்களை விரித்து, அந்த வரத்தைக் குறைத்துவிடும். ரத்த அழுத்தம் இறங்கியது அதனால்தான். உடனே சலைன் ஏற்றினார்கள். அழுத்தம் மெல்ல ஏறியது.

சார்பிட்ரேட் கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. அதன் மூத்த உறவுக்காரரான நைட்ரோகிளிசரினை 1847-இல் கண்டுபிடித்தவர் இத்தாலியரான சொப்ரேரோ. அதைக் கொண்டுதான் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தார். 1879-இல் லண்டன் டாக்டர் வில்லியம் மரல் அதை நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். கடைசிக் காலத்தில் நோபலுக்கே டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்களாம்! நல்ல மருந்துதான். ஆனால் ரத்த அழுத்தம் குறைந்திருப்பவர்களுக்கும், சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டிருப்பவர்களுக்கும் ஆபத்து. டாக்டர் அவரவருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது.

அப்படியானால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் 108 அல்லது 112-க்குப் போன். நோயாளியை நடக்க விடாமல் சாய்ந்து உட்கார வைப்பது. பிறகு, போனில் பேசுபவரோ டாக்டரோ சொன்னால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில் சுமார் 17,000 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடையே மரணம் ஏறத்தாழ 23 சதவீதம் குறைந்தது. ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக் கசிவு, பக்கவாதச் சந்தேகம் இருந்தால் மட்டும் கொடுக்கக்கூடாது.

அக்காவுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசி போட முடிவு செய்தார்கள். எடைக்குத் தக்கபடி ஒரே ஊசி. ஆனால் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு என்பதால் கேள்வி மேல் கேள்வி. முன்பு பக்கவாதம் வந்ததா? சமீபத்தில் ஆபரேஷன் உண்டா? தினமும் என்ன மாத்திரை? அக்காவுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. "காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்றார். ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்து வர என் மகன் வீட்டுக்கு ஓடினான். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். மாரடைப்பில் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

அதன்பின் மூன்று இரவுகள் வெளியே காத்திருந்து, நர்ஸ்களின் வேலையைப் பார்த்தேன். அவசர வண்டி ஒன்றை ஒவ்வொரு ஷிப்டிலும் திறந்து சரிபார்க்கிறார்கள். இருதயம் நின்றுபோனால் அட்ரினலின், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம். ஷாக் கொடுத்தும் தாறுமாறான துடிப்பு அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மில்லிகிராம். துடிப்பு மிகவும் மந்தமானால் அட்ரோபின். ஒருவித அதிவேகத் துடிப்புக்கு அடினோசின். அதன் ஆயுள் சில நொடிகளே என்பதால் ஊசியை வேகமாகச் செலுத்தி, பின்னாலேயே சலைனைத் தள்ளுகிறார்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலை மட்டும் தனியே வைத்திருந்தார்கள். நீர்க்க வைக்காமல் நேரடியாக ஏற்றினால் இருதயமே நின்றுவிடும்.

டாக்டர் வாய்மொழியாகச் சொன்ன அளவை நர்ஸ் திருப்பிச் சொன்ன பிறகே மருந்தை எடுத்தார். ஹெப்பாரின் போடுமுன் இன்னொரு நர்ஸும் வந்து பெயர், அளவு இரண்டையும் பார்த்தார். எனக்கு எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர்கள் நினைவுக்கு வந்தார்கள். லைன் கிளியர் தரும்போது பிரைவேட் நம்பர் பரிமாறி, எழுதிக்கொண்டு, திருப்பிச் சொல்லாமல் வண்டி நகராது. இரண்டு இடத்திலும் ஞாபகத்தை நம்புவதில்லை.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ! அவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, செய்துகொண்ட ஆபரேஷன் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள். "சீனே மே தர்த் ஹை" என்ற ஒரு வாக்கியத்தையும் சொல்லிக்கொடுங்கள். நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் அது உதவும்.

அக்கா பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார். தாள் அவர் சுருக்குப் பையில், வெற்றிலையோடு இருக்கிறது.