சப்டைட்டிலில் சிக்கிய ஊரும் காலனியும்

எங்கள் காலனியில் யாராவது இறந்தால் ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போக முடியாது. வாய்க்காலில் இறங்கி, வரப்பேறித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். இதைத்தான் 14 நிமிடக் குறும்படமாக எடுத்தோம். நாங்கள் ஐந்து பேர். கேமரா இரவல்.

படப்பிடிப்பு 4 நாள். முடிக்க 7 மாதம் ஆனது.

முதலில் சத்தம் காலை வாரியது. வயல்காற்று மைக்கில் இரைந்ததில் பாதி வசனம் கேட்கவில்லை. அறைச்சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு மறுபடி பேசிப் பதிந்தோம். டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் ஓடிய சினிமாப் பாட்டையும் நீக்கினோம். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் விழாக்களில் சிக்கல். அந்த இடத்தில் எங்கள் பாட்டி ஒருவரின் ஒப்பாரியை வைத்தோம். அவரிடமும் ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டோம்.

படத்திலேயே நல்ல காட்சி ஒன்றையும் வெட்டினோம். அதில் முகம் தெரியப் பேசிய அண்ணன் அந்த வயல்காரரிடம்தான் வேலை பார்க்கிறார். "நாளைக்கு எனக்கு யாரு கூலி குடுப்பா?" என்றார். நியாயம்தானே!

பிறகு வந்தது ஆங்கில சப்டைட்டில். 'ஊர்', 'காலனி' இரண்டுக்கும் 'வில்லேஜ்' என்றே போட்டிருந்தோம். வெளிமாநில நண்பர் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே கிராமம்தானே, ஏன் அந்த வழியாகப் போகவில்லை?" என்று கேட்டார். படமே அந்தக் கேள்விதான். ஆனால் பதில் அவருக்குப் போய்ச் சேரவில்லை. 'சாதி இந்துக்கள் வசிக்கும் தெரு' என்று போட்டால், இரண்டு நொடியில் யார் படித்து முடிப்பது? கடைசியில் 'அவர்கள் தெரு', 'நம் தெரு' என்ற பொருள் வரும்படி எழுதினோம். ஒரு வாரம் இதற்கே போனது.

விழாக்களுக்கு அனுப்ப ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையதளம் இருக்கிறது. சில விழாக்கள் டாலரில் கட்டணம் கேட்கின்றன. எங்கள் வீட்டில் அது பல நாள் கூலி. கட்டணமில்லா விழாக்களும் உண்டு. மாணவர்களுக்குச் சலுகையும் உண்டு. மின்னஞ்சலில் கேட்டால் சிலர் விலக்குத் தருவார்கள், கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சலச்சித்ர அகாடமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, மதுரையில் 1998 முதல் நடக்கும் விழா, சென்னையில் நீலம் அமைப்பு பி.கே.ரோசி பெயரில் நடத்தும் விழா ஆகியவை எங்கள் பட்டியலில் இருந்தன. ரோசி மலையாளத்தின் முதல் கதாநாயகி. தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று துரத்தப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்.

இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. அதனால் யூடியூபில் போடாமல் வைத்திருந்தோம். பிணத்தின் முன்னால் பறையடித்து நடித்த தாத்தா தினமும் கேட்பார்: "ஏம்ப்பா, நான் செத்தப்புறம்தான் காட்டுவீங்களா?" விழாவா, தாத்தாவா? எங்களுக்குள் சண்டையே வந்தது. ஒரு ஞாயிறு இரவு, அம்பேத்கர் படிப்பகச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டுக் காட்டிவிட்டோம். தாத்தா இரண்டு முறை பார்த்தார்.

2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கிய காணொலி வெளிவந்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பொதுப் பாதையையும் சுடுகாட்டையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எனவே திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் பாதை கேட்டு மனு கொடுத்தபோது, படத்தையும் பென்டிரைவில் சேர்த்துக் கொடுத்தோம்.

இதுவரை மூன்று விழாக்கள் நிராகரித்துவிட்டன. இரண்டில் பதில் வரவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனு எண் கொடுத்திருக்கிறார்கள்.