சைக்கிளுக்கு சொந்தமா எல்இடி ஹெட்லைட் செய்யப் போறீங்களா? லென்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

இரவு 9 மணி. பாண்டியில் வேலையை முடித்துவிட்டு முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் பாலத்தில் சைக்கிளை மிதிக்கிறீர்கள். எதிரே கடலூரில் இருந்து வரும் பஸ்சின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. இரண்டு நொடிக்கு சாலையே தெரியவில்லை. அந்த இரண்டு நொடியில் முன்னால் ஒரு பள்ளம் இருந்தால்?

இதற்காகத்தான் பலர் எல்இடி, பேட்டரி, ஒரு அலுமினிய டப்பா வாங்கி வீட்டிலேயே ஹெட்லைட் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாட்ஸ் எவ்வளவு என்று பார்ப்பவர்கள், லென்ஸை மட்டும் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். வெளிச்சம் ரோட்டில் விழுவதும், எதிரே வருபவர் கண்ணில் விழுவதும் அந்த சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பொறுத்ததுதான்.

லென்ஸ் எதற்கு?

கடைகளில் கிடைக்கும் 1 வாட், 3 வாட் எல்இடிகள் பெரும்பாலும் சுமார் 120 டிகிரி அகலத்துக்கு வெளிச்சத்தை வாரி இறைக்கும். லென்ஸ் இல்லாமல் மாட்டினால் பாதி வானத்துக்கும் மரத்துக்கும் போய்விடும். அதை ஒன்று திரட்டி முன்னால் அனுப்புவதுதான் லென்ஸின் வேலை.

புதுச்சேரி கடற்கரையில் 1836-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தை நினைத்துப் பாருங்கள். சிதறும் ஒளியைத் திரட்டி தேவையான திசையில் அனுப்புவதுதான் எந்தக் கலங்கரை விளக்கத்துக்கும் அடிப்படை. உங்கள் சைக்கிள் விளக்குக்கும் அதே கணக்குதான்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

மணிக்கு 18 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். பள்ளத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க கை போவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 7.5 மீட்டர் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 4 மீட்டர். ஆக, காய்ந்த சாலையில் கிட்டத்தட்ட 12 மீட்டர் தேவை. மழை ஈரம் இருந்தால் இன்னும் கூடும். வேகம் 25 கி.மீ. ஆனால் 18 மீட்டரைத் தாண்டிவிடும்.

அதாவது குறைந்தது 15 முதல் 20 மீட்டர் வரை சாலை தெரிய வேண்டும்.

10, 30, 60 டிகிரி... எதை வாங்குவது?

லென்ஸ் மீது சொல்லப்படும் டிகிரி, ஒளிக்கற்றையின் அகலம். நடுவில் இருக்கும் ஒளி பாதியாகக் குறையும் இடம் வரை அளந்து சொல்வார்கள். அதற்கு வெளியே இருட்டு என்று அர்த்தம் இல்லை, மங்கலான வெளிச்சம் இருக்கும்.

10 மீட்டர் தூரத்தில் வெளிச்ச வட்டத்தின் அகலம் இப்படி இருக்கும்:

- 10 டிகிரி: சுமார் 1.75 மீட்டர்
- 15 டிகிரி: சுமார் 2.6 மீட்டர்
- 30 டிகிரி: சுமார் 5.4 மீட்டர்
- 60 டிகிரி: சுமார் 11.5 மீட்டர்

60 டிகிரி லென்ஸில் வெளிச்சம் சாலையைத் தாண்டி இரண்டு பக்க வீட்டுச் சுவரிலும் விழும். தூரத்துக்குப் போகாது. 5 டிகிரி வாங்கினால் டார்ச் அடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், ஓரத்தில் இருந்து ஓடிவரும் நாய் தெரியாது. ஒரே ஒரு எல்இடிதான் என்றால் 10 முதல் 15 டிகிரி சரியாக இருக்கும்.

அகலமா இருந்தா நல்லதுதானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விளக்கு தரையில் இருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஒளியின் நடுப்பகுதி 12 மீட்டர் முன்னால் ரோட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு விளக்கை சுமார் 4.3 டிகிரி கீழே சாய்க்க வேண்டும்.

10 டிகிரி லென்ஸில் நடுவில் இருந்து மேலே 5 டிகிரி பரவும். அதில் 4.3 கழித்தால், நேர்மட்டத்துக்கு மேலே போவது ஒரு டிகிரிக்கும் குறைவு. 30 டிகிரி லென்ஸில் மேலே 15 டிகிரி பரவும். 4.3 கழித்தாலும் 10 டிகிரிக்கு மேல் மிச்சம். எதிரே ஸ்கூட்டரில் வருபவரின் முகம் சரியாக அதற்குள் மாட்டும். அவருக்குக் கண் கூசினால் ஆபத்து அவருக்கு மட்டுமா? உங்கள் மீதும்தானே வந்து மோதுவார்!

அப்போ அகலமும் வேணும், கூச்சமும் வேண்டாம்னா?

அதற்குத்தான் ஓவல் லென்ஸ். 10 x 45 போன்ற அளவுகளில் கிடைக்கும். மேலும் கீழும் 10 டிகிரி, பக்கவாட்டில் 45 டிகிரி. முகப்பில் கோடு கோடாக இருக்கும். அந்தக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினால் வெளிச்சம் பக்கவாட்டில் விரியும். திருப்பி மாட்டினால் வானத்துக்குப் போய்விடும், கவனம்!

ஓவலில் வெளிச்சம் பரவுவதால் தூரத்துக்கு எட்டுவது குறையும். அதனால் இரண்டு எல்இடி வைக்க முடிந்தால் ஒன்றுக்கு 10 டிகிரி வட்ட லென்ஸ், இன்னொன்றுக்கு ஓவல் லென்ஸ் போடுங்கள். ஓவலைக் கொஞ்சம் அதிகம் சாய்த்து 6 மீட்டரில் விழும்படி வைத்தால் பக்கத்துப் பள்ளமும் தெரியும், தூரத்து வேகத்தடையும் தெரியும்.

லென்ஸின் மேல் பாதியில் கறுப்பு டேப் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இந்த வகை லென்ஸில் அது மொத்த வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, மேலே போகும் ஒளியை மட்டும் தனியாக வெட்டாது.

போதுமான வெளிச்சமா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஜெர்மனியில் சைக்கிள் ஹெட்லைட்டுக்கு தனி விதியே உண்டு. 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் இருக்க வேண்டும். அதற்கு 3.4 டிகிரி மேலே 2 லக்ஸுக்கு மிகக் கூடாது. நமக்கும் இது நல்ல அளவுகோல்.

லென்ஸ் விவரத் தாளில் ஒரு லுமெனுக்கு எத்தனை கேண்டலா என்று இருக்கும். அது 10 என்றும், உங்கள் எல்இடி 200 லுமென் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 2,000 கேண்டலா. அதைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், 10 மீட்டரில் 20 லக்ஸ், 20 மீட்டரில் 5 லக்ஸ்.

வாங்கும்போதும் ஒட்டும்போதும் கவனிக்க வேண்டியவை

- எல்இடி மாடலைச் சொல்லி அதற்கான லென்ஸையும் ஹோல்டரையும் சேர்த்து வாங்குங்கள். உயரம் 1 மி.மீ. மாறினாலே நடுவில் இருட்டு வளையம் விழலாம்.
- எல்இடியின் மஞ்சள் சதுரம் பெரிதாக இருந்தால் அதே லென்ஸில் கற்றை அகலமாகும். 10 டிகிரி என்று வாங்கியது 15 ஆகலாம்.
- சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படிந்துவிடும்.
- கடற்கரை ஊர் என்பதால் உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் முன்பக்கம் கண்ணாடி போட்டு அடைப்பது நல்லது. அதில் சுமார் 8 சதவீத ஒளி குறையும், பரவாயில்லை.

சுவர் டெஸ்ட்

முடித்ததும் சைக்கிளை சுவரில் இருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு இருக்கும் அதே உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு 38 செ.மீ. கீழே விழ வேண்டும். கோட்டுக்கு மேலே பளிச்சென்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சாய்த்து ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

கடைசியாக, வீட்டில் ஒருவரை சைக்கிளில் உட்கார வைத்து நீங்கள் எதிரே நடந்து வந்து பாருங்கள். உங்களுக்குக் கண் கூசினால், நாளைக்கு பாலத்தில் எதிரே வருபவருக்கும் கூசும்.